மனோரஞ்சிதத்தின் சொந்தக்காரர்கள்: முதன்முதலாக ஃப்ரூட்டி ஃப்ளோரல் வாங்கப் போகிறவர்களுக்கு

எங்கள் வீட்டுக் கொல்லையில் மதிலோரமாக மனோரஞ்சிதம் ஒன்று படர்ந்திருந்தது. பூ பச்சையாக இருக்கும்வரை இலையோடு இலையாக ஒளிந்துகொள்ளும். மஞ்சளாக மாறத் தொடங்கியதும் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். "எந்தப் பழத்தை மனசுல நெனச்சுக்கிட்டு மோந்து பாக்குறியோ, அந்தப் பழ வாசன வரும்" என்பார் அப்பாயி. நான் மாம்பழத்தை நினைப்பேன், தங்கை பலாப்பழத்தை நினைப்பாள். "வருதா?" என்று கேட்டால் இருவரும் "வருது, வருது" என்று தலையாட்டுவோம். இரண்டு பேருக்குமே நன்றாகக் கனிந்த வாழைப்பழ வாசனைதான் வந்தது என்பதைக் கல்யாணமெல்லாம் ஆன பிறகுதான் ஒப்புக்கொண்டோம்.

ஆகவே, பெர்ஃப்யூம் கடையில் ஒருவர் பாட்டிலை நீட்டி "இது ஃப்ரூட்டி ஃப்ளோரல் மேடம்" என்றால் மிரள வேண்டாம். பூ வாசனையோடு பழ வாசனை பின்னிக் கிடப்பது நமக்குப் பழைய சமாசாரம். மேற்கத்திய சென்ட் உலகில் அதற்கு ஒரு தனிப் பெயர், தனி அலமாரி, அவ்வளவுதான். இதுவரை பாடி ஸ்ப்ரே மட்டும் அடித்துவந்தவர்கள், முதல் சம்பளத்தில் நல்லதாக ஒன்று வாங்க நினைப்பவர்கள், அக்காவுக்கோ மனைவிக்கோ பரிசாகக் கொடுக்க நினைத்து எதை எடுப்பது என்று விழிப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது?

பழம் இல்லை. பலரும் ஏமாறுகிற முதல் இடம் இது. ஆரஞ்சு, எலுமிச்சை போன்றவற்றின் தோலைப் பிழிந்தால் எண்ணெய் வரும், அதை அப்படியே சேர்க்கலாம். பேரிக்காயையும் பீச்சையும் ஆப்பிளையும் ஸ்ட்ராபெரியையும் பிழிந்தால் சாறுதான் வரும், சென்ட்டுக்கு உதவுகிற எண்ணெய் வராது. அந்த வாசனைகளை வாசனைக் கலைஞர்கள் ரசாயனப் பொருள்களை வைத்துக் கட்டி எழுப்புகிறார்கள். பீச் பழ வாசனைக்கு ஒரு பொருள் உண்டு. அந்தத் தொழிலில் அதற்கு ‘ஆல்டிஹைடு சி-14’ என்று பெயர். வேடிக்கை என்னவென்றால் அது ஆல்டிஹைடும் இல்லை, அதில் 14 கார்பனும் இல்லை. உண்மையில் 11 கார்பன் உள்ள, லாக்டோன் என்ற வேறொரு ரசாயன வகை அது. கெர்லான் நிறுவனம் 1919ல் வெளியிட்ட ‘மிட்சுகோ’வில் இதைத் துணிந்து பயன்படுத்தினார்கள். பீச் பழம் பெர்ஃப்யூமுக்குள் பெரிய அளவில் நுழைந்தது அப்படித்தான். (மிட்சுகோ இந்த வகையில் சேராது. பாசியும் மரமும் மணக்கிற கனமான சங்கதி அது. முதல் பாட்டிலாக வாங்கிவிடாதீர்கள்.)

பூவின் கதை வேறு. ரோஜாவைக் காய்ச்சி வடிக்கலாம். மல்லிகையை வடித்தால் அந்தச் சூட்டுக்கே அதன் மணம் கெட்டுவிடும் என்பதால் கரைப்பானில் ஊறவைத்து, முதலில் மெழுகு போன்ற ‘கான்கிரீட்’டாகவும் பிறகு அதிலிருந்து ‘அப்சல்யூட்’ என்ற அடர்ந்த சாறாகவும் எடுக்கிறார்கள். ஒரு கிலோ அப்சல்யூட் வேண்டுமென்றால் அரை டன்னுக்கும் மேல் பூ வேண்டும். நம் குண்டுமல்லியும் ஜாதிமல்லியும் தமிழ்நாட்டு ஆலைகளில் இப்படிச் சாறாகி, பிரான்சு உள்படப் பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. ஃப்ரீசியா, பியோனி என்று பெட்டியில் எழுதியிருந்தால் அவை பூவாக இருந்தும் பழத்தைப் போலவே கட்டி எழுப்பியவைதான். அந்தப் பூக்களிலிருந்து தொழிலுக்கு உதவுகிற மாதிரி எண்ணெய் எடுக்க முடிவதில்லை. ரசாயனம் என்றதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. அது இல்லாவிட்டால் இந்த வகையே இருந்திருக்காது.

இனி முக்கியமான விஷயம். எல்லா வாசனையும் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. எலுமிச்சை, பேரிக்காய், ஆப்பிள் எல்லாம் அவசரக்காரர்கள், கால் மணி, அரை மணியில் கிளம்பிவிடுவார்கள். பூக்கள் இரண்டு, மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேசுவார்கள். கடைசியில் தோலோடு ஒட்டிக்கொண்டு மிஞ்சுவது கஸ்தூரி சாயல், மரம், வனிலா போன்றவை. (கஸ்தூரி என்றால் மானை நினைத்துப் பதற வேண்டாம், இப்போது வருவது எல்லாம் ஆலையில் செய்தது.) பீச் மட்டும் விதிவிலக்கு, அது பூவோடு சேர்ந்து நெடுநேரம் நிற்கும். கடையில் நம்மைப் பர்சைத் திறக்க வைப்பது அந்த முதல் கால் மணி நேரப் பழம். வீட்டுக்கு வந்து நாள் முழுக்க நம்மோடு குடித்தனம் நடத்துவதோ பூ. பழத்தைப் பார்த்து வாங்காதீர்கள், பூவைப் பார்த்து வாங்குங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவு வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பாட்டிலை ஒழுங்காக முகர்ந்து பழகுங்கள்

பத்து சென்ட்டை அரைகுறையாக முகர்வதைவிட ஒன்றை முழுசாக முகர்ந்தால் மூக்கு சீக்கிரம் பழகும். அதற்கு நான் சொல்வது கிறிஸ்தியான் டியோரின் ‘ஜாடோர்’. வாங்கச் சொல்லவில்லை, விலை அதிகம். பெரிய மால்களில் உள்ள அழகுசாதனக் கடைகளில் டெஸ்டர் பாட்டில் வைத்திருப்பார்கள். போய் மணிக்கட்டில் ஒன்று அடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

1999ல் வந்தது இது. உருவாக்கியவர் காலிஸ் பெக்கர் என்ற பெண்மணி. கழுத்து நீண்ட, கீழே குண்டான பாட்டில், கழுத்தில் தங்க நிற வளையங்கள், ஆப்பிரிக்காவின் மசாய் இனப் பெண்கள் அணியும் கழுத்தணியின் நினைவாக. அடித்தவுடன் பேரிக்காயும் முலாம்பழமும், தண்ணீர் தெளித்த மாதிரி. ஐந்து நிமிடத்தில் அது ஓரம்கட்டத் தொடங்கும். பின்னால் ஒரு மஞ்சள் வாசனை எழும், கொஞ்சம் வாழைப்பழம், கொஞ்சம் மல்லி. அதுதான் இலாங்-இலாங் பூ, ஆப்பிரிக்கா பக்கம் உள்ள கொமோரோ தீவுகளில் ஏராளமாக விளைவது. இந்த மரத்தின் குடும்பம் என்ன தெரியுமா? மனோரஞ்சிதத்தின் குடும்பமேதான். சீத்தாப்பழமும் அதே வீட்டுப் பிள்ளை. முதல்முறை ஜாடோரை முகர்ந்தபோது கொல்லை மதில் ஏன் நினைவுக்கு வந்தது என்று நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். தாவரவியல் புத்தகம் ஒன்றைப் புரட்டியபோதுதான் விடை கிடைத்தது.

அரை மணிக்கு மேல் மல்லிகையும் ரோஜாவும் ஒன்றில் ஒன்று கரைந்து, எது எது என்று பிரிக்க முடியாத ஒரு பூங்கொத்து. சாயங்காலம் மணிக்கட்டில் மிச்சம் இருப்பது சோப்பு போட்டுக் குளித்த தோல் மாதிரியான சுத்தமான, லேசான இனிப்பு. இந்த மூன்று கட்டத்தையும் ஒரு நாள் உட்கார்ந்து கவனித்துவிட்டால், அப்புறம் எந்தப் பாட்டிலை எடுத்தாலும் உங்களுக்குப் பிடிபடும்.

யாருக்கு எது பொருந்தும்?

பெட்டியின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும்: கனவு காணும் பெண்ணுக்கு, துள்ளல் நிறைந்த பெண்ணுக்கு, தன்னம்பிக்கை மிக்க பெண்ணுக்கு. ராசிபலன் மாதிரிதான், யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். குணத்துக்கும் சென்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சம்பந்தம் அங்கே எழுதியிருக்கிற இடத்தில் இல்லை.

நான் யாருக்காவது தேர்ந்தெடுத்துக் கொடுக்கும்போது மூன்று கேள்வி கேட்பேன். எவ்வளவு தூரத்தில் இருப்பவருக்கு உங்கள் வாசனை தெரிய வேண்டும்? கட்டிப்பிடிக்கிற தூரமா, மேசைக்கு எதிர்ப்பக்கமா, அறைக்குள் நுழையும்போதேவா? இரண்டாவது, காபிக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை? சிரிக்காதீர்கள். தித்திப்பு ஆகாத நாக்கு உள்ளவர்களுக்குத் தித்திப்பான சென்ட்டும் அநேகமாக ஆவதில்லை, என் அனுபவத்தில் இது தவறியதே இல்லை. மூன்றாவது, சின்ன வயதில் வீட்டில் என்ன பூ? மல்லி வைத்து வளர்ந்தவர்கள் வெள்ளைப்பூ சென்ட்டைப் போட்டால் இயல்பாக இருக்கும், உடுத்திப் பழகிய சேலை மாதிரி. சம்பங்கி மாலையைச் சாவு வீட்டோடு முடிச்சுப் போட்டுவிட்டவர்களுக்கு, வெளிநாட்டில் ‘ட்யூப்ரோஸ்’ என்று கொண்டாடுகிற எதையும் தராதீர்கள். இரண்டும் ஒரே பூ.

கலகலப்பான பெண்ணுக்கு ஸ்ட்ராபெரி, அமைதியான பெண்ணுக்கு ரோஜா என்பது பொதுவான கணக்கு. என் கணக்கு நேர்மாறானது. என் சித்தி மகள் ஒருத்தி இருக்கிறாள். அவள் சிரித்தால் தெருமுனைக்குக் கேட்கும். அவளுடைய பிறந்தநாளுக்கு எல்லாரும் கப்கேக், கேண்டி என்று மணக்கிற சென்ட்டாகவே வாங்கிக் குவித்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு அவள் பேசினால் ஒரே அறையில் இரண்டு பேர் சேர்ந்து கத்துகிற மாதிரி இருக்கும். நான் பீச்சும் ரோஜாவும் கலந்த ஒன்றைக் கொடுத்தேன். லாங்கோமின் ‘ட்ரெசோர்’ அந்த வகை, 1990ல் சோஃபியா க்ரொய்ஸ்மன் செய்தது. மெத்தென்று, வெல்வெட் தலையணை போல இருக்கும். "அக்கா, இது என்னைப் பெரிய மனுஷி ஆக்கிடுச்சு" என்றாள். குரல் குறையவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார முடிகிறது.

அதேபோல என்னோடு வேலை பார்த்த ஒருவர், கூட்டத்தில் வாயே திறக்க மாட்டார். திறந்தால் சரியாக ஒரு வாக்கியம், அதோடு விவாதம் முடிந்துவிடும். அவருக்குப் பேரிக்காயும் ஃப்ரீசியாவும் போதும். ஜோ மலோனின் ‘இங்கிலீஷ் பேர் அண்ட் ஃப்ரீசியா’ அப்படித்தான், நறுக்கென்று, ஈரமாக, அதிகம் பரவாமல் இருக்கும். அந்த விலை கட்டாது என்றால், பேரிக்காய், ஃப்ரீசியா என்ற இரண்டு சொற்களைக் கடையில் சொல்லுங்கள். விலை குறைந்தவற்றிலும் அந்தச் சேர்க்கை கிடைக்கும்.

ஆப்பிள் வகை, கை ஓயாமல் ஓடியாடிக்கொண்டே இருப்பவர்களுக்கு. டிகேஎன்ஒய்யின் ‘பி டெலிசியஸ்’ 2004ல் வந்து இந்த வகையைப் பிரபலமாக்கியது. பச்சை ஆப்பிள், வெள்ளரிக்காய், பாட்டிலே ஆப்பிள் வடிவம். வெயிலில் இது நன்றாக நிற்கும், அல்லது நன்றாகவே மறைந்துவிடும் என்று சொல்ல வேண்டும். பிற்பகலுக்குள் ஒன்றும் மிஞ்சாது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. லிச்சியும் ரோஜாவும் சேர்ந்தது அலங்காரப் பிரியர்களுக்கு. பிளாக்கரன்ட் (கறுப்பாக, புளிப்பாக இருக்கும் குட்டிப் பழம்) என்று எழுதியிருந்தால் மட்டும் கொஞ்சம் உஷார். அந்தச் செடியின் மொட்டிலிருந்து எடுக்கும் சாறில் கந்தகக் கலவை ஒன்று இருக்கிறது. சரியான அளவில் இருந்தால் புளிப்பும் துள்ளலும். சிலர் மூக்குக்கோ பூனை மூத்திரம். இரண்டுமே உண்மை, உங்கள் மூக்கு எந்தக் கட்சி என்று முகர்ந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வயது விஷயத்துக்கு வருகிறேன். 2000க்குப் பிறகு இந்த வகை இளம்பெண்களுக்கு என்று ஆகிவிட்டது. அமெரிக்கப் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் பெயரில் 2005ல் வந்த ‘ஃபேன்டசி’ போன்றவை கிவி, லிச்சி, கப்கேக் என்று சர்க்கரைப் பாகில் முக்கியெடுத்து விற்றுத் தீர்ந்தன. இளம்பெண்களுக்கானது என்ற அந்தப் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் அத்தைக்கு 61 வயது. ஒருமுறை என் மேசையில் இருந்ததை எடுத்து முகர்ந்துவிட்டு, "ஏன்டி, இந்த வயசுல நான் பழ வாசனையோட திரிஞ்சா நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். "நாலு பேர் எந்தக் கடைல வாங்குனீங்கன்னு கேப்பாங்க அத்தை" என்றேன். அது ஷனெலின் ‘சான்ஸ் ஓ தாந்த்ர்’, க்வின்ஸ் பழமும் (பேரிக்காய்க்குச் சொந்தக்காரப் பழம்) மல்லிகையும். இப்போது அவர் பீரோவில் அதுதான் இருக்கிறது. சர்க்கரை குறைவாகவும் பூ அதிகமாகவும் இருந்தால் வயது ஒரு பொருட்டே இல்லை. ஆண்களுக்கும் இதே பதில்தான். ஜவ்வாதும் சந்தனமும் பூசி மல்லிகை மாலை போட்டுக்கொண்டு மணவறையில் உட்காருகிற ஊரில், பூ வாசனை பெண்களுக்கு மட்டும் என்று கடைக்காரர் சொன்னால் நாம் ஏன் கேட்க வேண்டும்?

கடைக்குப் போகும்போது

வயிறு காலியாக இருக்கும்போது போகாதீர்கள், பழ வாசனை எல்லாமே நல்லதாகத் தெரியும். அன்றைக்கு வேறு சென்ட்டோ தலையில் பூவோ வேண்டாம்.

வெள்ளைக் காகிதப் பட்டையில் அடித்துத் தருவார்கள். உடனே மூக்கருகே கொண்டுபோகாதீர்கள், அப்போது வருவது ஆல்கஹால். அரை நிமிடம் ஆட்டிவிட்டு முகருங்கள். பட்டையில் பேனாவால் பெயர் எழுதிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கைப்பையில் நான்கு பட்டை ஒன்றோடொன்று கலந்து எது எது என்று தெரியாமல் போகும். ஒரு நாளைக்கு நான்கு போதும். அதற்கு மேல் மூக்கு பொய் சொல்லும். கடைக்காரர் காபிக்கொட்டைக் கிண்ணத்தை நீட்டுவார். மூக்கைத் துடைத்துவிடும் என்று பேச்சு. அதுவும் இன்னொரு பலமான வாசனைதானே? உங்கள் சட்டைக் கையை, முழங்கை மடிப்பை முகர்ந்தாலே போதும், அல்லது ஐந்து நிமிடம் வெளியே நின்றுவிட்டு வாருங்கள்.

பிடித்தவற்றில் இரண்டை மட்டும் தோலில் போடுங்கள், இந்தக் கையில் ஒன்று, அந்தக் கையில் ஒன்று. போட்டுக்கொண்டு, வாங்காமல், கடையை விட்டு வெளியே வாருங்கள். இதுதான் கஷ்டமான படி. "ஆஃபர் இன்னிக்கோட முடியுது மேடம்" என்பார்கள். முடியட்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கு நடந்தது அப்படி. வேலைக்குச் சேர்ந்த புதிது. குளுகுளு ஏசி கடையில் காகிதத்தில் முகர்ந்து, ஸ்ட்ராபெரியும் வயலட் பூவுமாக இருந்த ஒன்றை, அப்படி ஒரு அழகு, அங்கேயே வாங்கிவிட்டேன். பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது. மே மாதம், பகல் பன்னிரண்டு மணி, பாரிமுனை போகும் பஸ். தாராளமாக ஆறு முறை அடித்திருந்தேன். பழம் எப்போதோ போய்விட்டது. கீழே பதுங்கியிருந்த வனிலாவும் கருகிய சர்க்கரையும் வெயிலில் எழுந்து நின்றன. சீட்டுக் கிழித்துக்கொண்டே வந்த கண்டக்டர் என்னிடம் வந்ததும் நின்று, "பையில கேக்கு ஏதும் வச்சிருக்கியாம்மா? எறும்பு வந்துரப் போவுது" என்றார். முன் சீட்டு அம்மா ஜன்னலை முழுசாகத் திறந்துவிட்டார். அந்தப் பாட்டில் மூன்று வருஷம் பீரோவில் கிடந்தது.

ஆகவே தோலில் போட்டுக்கொண்டு வெயிலில் நடங்கள், பஸ் ஏறுங்கள், சமையல் செய்யுங்கள். மூன்றாவது மணி நேரத்தில் முகர்ந்து பார்த்து அப்போதும் பிடித்திருந்தால், அதுதான் உங்களுடையது. இரண்டு மில்லி, ஐந்து மில்லி சாம்பிள் குப்பி கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு வாரம் போட்டுப் பார்க்கலாம். தோல் எரிச்சல் எடுப்பவர்கள் முதல் நாள் முழங்கை உட்பக்கத்தில் ஒரு சொட்டு மட்டும் விட்டு மறுநாள் வரை பாருங்கள்.

பெட்டியில் இடிடி, இடிபி என்று இருக்கும். ஓ த துவாலெட், ஓ த பர்ஃபம் என்பதன் சுருக்கம். முன்னதில் வாசனைப் பொருள் ஏறத்தாழ 5 முதல் 15 சதவீதம், பின்னதில் 15 முதல் 20 சதவீதம். எல்லாக் கம்பெனியும் ஒரே கணக்கு வைப்பதில்லை. ஒரே பெயரில் இரண்டும் வந்தால், இடிபி என்பது அதே சென்ட்டின் அடர்த்தி கூடிய வடிவம் என்று நினைத்துவிடாதீர்கள். பல நேரம் பூவும் பழமும் அளவு மாறி வேறு ஆளாகவே இருக்கும். நம் வெயிலுக்குப் பகலில் இடிடி போதும் என்பது என் கட்சி.

போடும் முறை

குளித்துத் துவட்டியதும், சேலை கட்டுவதற்கு முன், நகை போடுவதற்கு முன். வரிசையை மாற்றாதீர்கள். பட்டில் ஆல்கஹால் பட்டால் கறை விழும், ஜரிகையில் பட்டால் நிறம் மங்கலாம். முத்துக்கும் கவரிங் நகைக்கும் சென்ட் ஆகவே ஆகாது. வறண்ட தோலில் வாசனை நிற்காது என்பதால் மணமில்லாத மாய்ஸ்சரைசர் அல்லது கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அதற்கே ஒரு வாசனை இருக்கிறது. பேரிக்காயோடு சேர்ந்தால் ஊசிப்போன பர்ஃபி மாதிரி ஆகிவிடும்.

ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கழுத்தின் பக்கவாட்டில் ஒன்று, முழங்கை மடிப்பில் ஒன்று. இடிபி என்றால் கோடையில் அதோடு நிறுத்துங்கள். இடிடி என்றால் இன்னும் ஒன்று. மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்க்கிற பழக்கம் எல்லாருக்கும் உண்டு. தேய்த்தால் வாசனை உடைந்துவிடும் என்பார்கள், அப்படி எதுவும் உடைவதில்லை. சூட்டில் மேலே இருக்கும் பழம் இன்னும் சீக்கிரம் பறந்துவிடும். பழத்துக்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்தோம், தேய்க்காமல் காயவிடுங்கள்.

அரை மணி கழித்து உங்களுக்கே வாசனை தெரியாது. மூக்கு பழகிவிட்டது, சென்ட் தீர்ந்துவிடவில்லை. மறுபடி அடித்துக்கொண்டு லிஃப்டில் ஏறினீர்கள் என்றால் மற்றவர்கள் பாவம். சந்தேகமாக இருந்தால் வெளியிலிருந்து வருகிற யாரையாவது கேளுங்கள்.

தலையில் பூ வைக்கிற நாளில் என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். புது மல்லியோடு பேரிக்காய், க்வின்ஸ் வகைகள் நன்றாகவே சேரும், ஒரு தடவை அடித்தால் போதும். ஸ்ட்ராபெரி, கேண்டி வகையோடு சேர்த்தால் இரண்டும் சண்டை போடும். சாயங்காலம் மல்லி வாடும்போது கனத்து, லேசாக அழுகல் சாயல் வரும் பாருங்கள், அப்போது இனிப்பு சென்ட் கூட இருந்தால் தலை வலிக்கும். அன்றைக்குச் சென்ட்டை வீட்டில் விட்டுவிடுங்கள், மல்லியைவிட நல்ல ஃப்ளோரல் பாட்டிலில் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும், கைக்குழந்தை பார்க்கப் போகும்போதும் எதுவுமே வேண்டாம்.

வைக்கும் இடம்

டிரெஸ்ஸிங் டேபிள் மேல் வெயில் படும்படி வரிசையாக அடுக்கி அழகு பார்க்கிறோமே, அதுதான் மோசமான இடம். அடுத்த மோசமான இடம் குளியலறை. வெளிச்சமும் சூடும் ஈரமும் பட்டால் முதலில் கெடுவது மேலே இருக்கும் பழம்தான். பீரோவின் அடித்தட்டில், அட்டைப்பெட்டிக்குள்ளேயே வையுங்கள். பாட்டில் பாதியானால் உள்ளே காற்று அதிகமாகி இன்னும் வேகமாகக் கெடும் என்பதால், கொஞ்சமாகப் போடுகிறவர்கள் 100 மில்லி வாங்க வேண்டாம், 30 மில்லியே பல மாதம் வரும்.

கெட்டுவிட்டதா என்று பார்க்க, காகிதத்தில் ஒன்று அடித்து உடனே முகருங்கள். பேரிக்காய் இருக்க வேண்டிய இடத்தில் நெயில் பாலிஷ் ரிமூவரோ பழைய எண்ணெயோ மணந்தால் மேல் வாசனை போய்விட்டது என்று அர்த்தம். தூக்கிப் போட அவசரப்பட வேண்டாம். பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை முகருங்கள். பூ நன்றாக இருந்தால், தோலில் போடாமல், கைக்குட்டையில் அடித்துத் துணி அலமாரிக்குள் போட்டு வைக்கலாம். என் கேக் பாட்டிலின் கடைசிக் கால்வாசி அப்படித்தான் போர்வைகளுக்கு நடுவே தீர்ந்தது.